தலைவர் ஆகணும்னா மொதல்ல கடைசி குழாய்கிட்ட போய் நில்லுங்க

பஞ்சாயத்து எலக்‌ஷன்ல நிக்கப்போறேன்ணே, நல்ல தலைவரா இருக்க என்ன வேணும்னு தெரிஞ்ச தம்பி ஒருத்தன் கேட்டான். நேர்மை, துணிச்சல், தொலைநோக்குன்னு பேச்சுப்போட்டி கணக்கா நானும் அடுக்கலாம், ஆனா அதெல்லாம் எல்லா போஸ்டர்லயும்தான் இருக்கு. அதை எப்படி பழகிக்கிறதுங்கிறத மட்டும் சொல்றேன்.

காலைல தண்ணி விடுற நேரத்துக்கு எந்திரிச்சு, டேங்க்ல இருந்து ரொம்ப தள்ளி இருக்கிற தெருவுக்குப் போங்க. டேங்க் பக்கத்து வீட்டுக்காரங்க மோட்டார் போட்டு உறிஞ்சிடுவாங்க, கடைசி தெரு குழாய்ல வெறும் காத்துதான் வரும். எங்க ஊர்ல முன்னாடி ஒரு தலைவர் இருந்தாரு, கைலியோட வந்து குழாயடியில குடத்தை வச்சுட்டு ஒரு குடம் நிரம்ப எவ்ளோ நேரமாகுதுன்னு வாட்ச்ச பாத்துட்டே நிப்பாரு. ஒருநாள் பதினோரு நிமிஷம் ஆச்சு. அங்க நின்னுக்கிட்டே டேங்க் ஆபரேட்டருக்கு போன் போட்டு மேலத்தெரு வால்வ பாதி மூடச் சொன்னாரு, மேலத்தெருல இருக்கிறது அவரோட சொந்த மச்சான் வீடு. மச்சான் மூணு மாசம் பேச்சுவார்த்தை இல்ல, இவரும் வால்வ தொறக்கச் சொல்லல. (அந்த எலக்‌ஷன்ல நான் அவருக்கு ஓட்டு போடல, அது வேற கதை.)

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு தடவை நடக்கணும். கோரமும் உண்டு, அதாவது கூட்டம் செல்லணும்னா கொறஞ்சது இத்தனை பேர் வரணும்னு கணக்கு: 500 பேர் வரைக்கும் உள்ள ஊர்னா 50 பேர், 3000 வரைக்கும் 100, 10000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. பல ஊர்ல என்ன பண்றாங்கன்னா நூறு நாள் வேலை ஆளுங்கள கூட்டிட்டு வந்து உக்கார வச்சு கணக்கு காட்டிடுவாங்க, பத்தலன்னா சாயங்காலம் நோட்ட வீடு வீடா கொண்டுபோய் கையெழுத்து. நீங்க எலக்‌ஷனுக்கு முன்னாடி ரெண்டு வருஷமாவது ஒரு கூட்டம் விடாம போய் உக்காருங்க. "ஊழல் பண்றீங்க"ன்னு கத்தாம, தெருவிளக்கு பல்பு எத்தனை வாங்குனீங்க, எந்தெந்த கம்பத்துல மாட்டுனீங்கன்னு கேளுங்க. நாளைக்கு நீங்க அந்த சேர்ல இருக்கும்போது இதே கேள்வி உங்களுக்கும் வரும், அப்ப மூஞ்சி சுருங்கக் கூடாது. பதில் தெரியலன்னா தெரியல, பாத்துட்டு வர்றேன்னு சொல்லி, அடுத்த வாரம் அவங்க வீட்டு வாசல்லயே போய் சொல்லிட்டு வரணும்.

திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்துல இளங்கோ ரங்கசாமின்னு ஒருத்தர், விஞ்ஞானி வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்து 1996ல தலைவரானவரு. தூக்கிப்போடுற கல்லு துண்டுங்கள வச்சு சாக்கடை கட்டி செலவ குறைச்சாரு, எஸ்டிமேட் படி கட்டலன்னு அவரையே சஸ்பெண்ட் பண்ணாங்க. ஆனா வேலை எல்லார் கண்ணு முன்னாடியும் நடந்ததால கிராம சபைல ஜனங்க அவர் பக்கம் நின்னாங்க, பதவி திரும்ப வந்துச்சு. தலித் குடும்பமும் மத்த சாதிக் குடும்பமும் ஒரே சுவரை பங்கு போட்டுக்கிற இரட்டை வீடுங்களும் அவர் காலத்துல கட்டுனதுதான். துணிச்சல்னு சொன்னா எனக்கு அந்த சுவருதான் ஞாபகம் வரும், ஏன்னா இதே தமிழ்நாட்டுல பாப்பாபட்டி, கீரிப்பட்டி பக்கமெல்லாம் தலித்துக்கு ஒதுக்குன தலைவர் பதவிக்கு 2006 வரைக்கும் ஒழுங்கா எலக்‌ஷனே நடத்த விடல.

பொண்ணுங்களுக்கு பாதி இடம் ஒதுக்கியாச்சு, ஆனா ஜெயிச்ச அம்மா வீட்ல இருக்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல உக்காந்திருப்பாரு. அக்கா, நீங்க நிக்கிறீங்கன்னா ஜெயிச்ச மொத நாளே போன் நம்பர் உங்களோடதா குடுத்துடுங்க, பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சிரும்.

ஊராட்சி பணத்த எடுக்கணும்னா தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து ஒப்புதல் குடுக்கணும், அதனால துணைத்தலைவர்கிட்ட சண்டை போட்டா ஊர் வேலை அப்படியே நிக்கும், ரொம்ப ஒட்டிக்கிட்டா ஊர்ல வேற மாதிரி பேசுவாங்க, ரெண்டுக்கும் நடுவுல ஓட்டணும். அப்புறம் ஒண்ணு, தீர்மான நோட்டுல எழுதி முடிச்சதும் கீழ காலி இடம் விடாதீங்க. கடைசி வரிக்கு அடியிலயே கோடு இழுத்து கையெழுத்து வாங்கிட்டு, எல்லாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுருங்க.