பெடல் கனெக்டர் பேட்டன்ட்: எஃப்.இ.ஆர். வந்தால் பதில் எழுதுவது எப்படி

பேட்டன்ட் அலுவலகம் அனுப்பும் முதல் தேர்வு அறிக்கையை எல்லோரும் எஃப்.இ.ஆர். என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அது வந்ததும் புதுச்சேரியில் சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடிப் பக்கம் பட்டறை வைத்து வண்டி உதிரிபாகம் செய்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், தள்ளுபடி பண்ணிட்டாங்களா?" என்பதே. இல்லை. எக்ஸாமினர் தேடியதில் சிக்கிய பழைய ஆவணங்களை எடுத்து வைத்து, இதற்கும் உங்களுடையதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார், அவ்வளவுதான். ஆட்சேபமே இல்லாமல் வரும் எஃப்.இ.ஆர். அபூர்வம். ஆக்சிலரேட்டர் பெடலில் பொருத்தும் ஒரு எலக்ட்ரானிக் கனெக்டரை உதாரணமாக வைத்துக்கொண்டு இதற்குப் பதில் எழுதும் வழியைப் பார்ப்போம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் போட்டுவிட்டால் தேர்வு தானாக நடந்துவிடாது, படிவம் 18 தனியாகக் கொடுக்க வேண்டும். 2024 மார்ச்சில் விதிகள் திருத்தப்பட்ட பிறகு, அதன்பின் போட்ட விண்ணப்பங்களுக்கு இதற்கான கெடு 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைந்துவிட்டது, பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்திருக்காதீர்கள். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் 4,000 ரூபாய், பெரிய கம்பெனிக்கு 20,000. உத்யம் (சிறு தொழில்) பதிவு இருந்தால் அதைப் படிவம் 28-உடன் சேர்த்துக் கொடுத்துச் சலுகைக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். அவசரம் என்றால் படிவம் 18ஏ இருக்கிறது, சிறு நிறுவனத்துக்கு 8,000. புதுச்சேரி யூனியன் பிரதேசமாக இருந்தாலும் கடலூரைப் போலவே சென்னை கிண்டி அலுவலகத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் அதற்காக பஸ் ஏற வேண்டியதில்லை, தாக்கல் ஆன்லைனில், விசாரணை வீடியோவில்.

சரி, எஃப்.இ.ஆர். வந்துவிட்டது. தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 6 மாதம், நீங்கள் மெயிலைத் திறந்த நாளிலிருந்து இல்லை. போதவில்லை என்றால் அந்த 6 மாதம் முடிவதற்குள்ளேயே படிவம் 4 போட்டு இன்னும் 3 மாதம் வாங்கலாம். இதையும் கோட்டைவிட்டால் பேட்டன்ட் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள், கண்டுபிடிப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. வெளிநாட்டிலும் தாக்கல் செய்திருந்தால் படிவம் 3-ஐப் புதுப்பித்துக் கொடுக்க எஃப்.இ.ஆர். தேதியிலிருந்து 3 மாதம்தான், பதிலோடு சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. கையெழுத்து இல்லை, கண்டுபிடித்தவர் உரிமையை எழுதிக்கொடுத்த தாள் இல்லை, சுருக்கம் 150 வார்த்தையைத் தாண்டிவிட்டது, கிளெய்மில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் பகுதியில், படத்தின் எண்களை அடைப்புக்குறிக்குள் போடவில்லை என்பது போன்ற குறைகளை ஒரு மாலையில் உட்கார்ந்து முடித்துவிடலாம். அதை முடித்துவிட்டு, நிஜமான சண்டைக்கு வாருங்கள்.

உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. இப்போதைய கார்களில் ஆக்சிலரேட்டருக்கு இரும்புக் கேபிள் கிடையாது. பெடலை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள் என்பதை இரண்டு சென்சார்கள், பெரும்பாலும் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார்கள், அளந்து மின்னழுத்தமாக, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வுக்கு அனுப்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனியாக 5 வோல்ட், தனியாக கிரவுண்ட், தனியாக சிக்னல், ஆக மொத்தம் ஆறு பின். பல வண்டிகளில் ஒரு சிக்னல் மற்றதில் சரிபாதியாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஈ.சி.யூ. எதையும் நம்பாமல் வண்டியை லிம்ப் மோடில் போட்டு ஊர விட்டுவிடும். பல நேரம் கோளாறு சென்சாரில் இருக்காது, கனெக்டரில் இருக்கும். பாதி செருகிய கனெக்டர் முதல் நாள் வேலை செய்யும், அப்புறம் நழுவும். முழுதாகச் செருகியிருந்தாலும் அதிர்வில் பின்னும் சாக்கெட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவில் உரசிக்கொண்டே இருந்தால் வெள்ளீய முலாம் தேய்ந்து ஆக்சைடு படிந்து மின்தடை ஏறும். தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கிற வண்டி, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் தேங்கிய தெருவில் ஓடுகிற வண்டி என்றால் இன்னும் சீக்கிரம்.

நம் கற்பனைப் பட்டறைக்காரர் செய்தது இது: கனெக்டரில் ஒரு பூட்டு லீவர், அந்த லீவரை மூடும்போது அதன் அடியிலுள்ள ஆப்பு சென்சார் கூட்டைப் பெடல் பிராக்கெட்டோடு இறுக்கிவிடும். கனெக்டர் முழுதாக உட்காரவில்லை என்றால் லீவர் மூடாது, லீவர் மூடவில்லை என்றால் சென்சார் பிராக்கெட்டில் நிற்காமல் ஆடும், மாட்டுகிறவர் கைக்கு உடனே தெரிந்துவிடும். மூடிவிட்டாலோ, கனெக்டரும் சென்சாரும் ஒரே பிராக்கெட்டோடு இறுகிவிடுவதால் இரண்டும் சேர்ந்தே அதிரும், உரசல் குறையும். அருமையான யோசனை. ஆனால் தாக்கல் செய்யும்போது முதல் கிளெய்மை "பெடல் பிராக்கெட், நிலை சென்சார், ஆறு பின் கனெக்டர், பூட்டு லீவர் ஆகியவை கொண்ட அமைப்பு" என்று அகலமாக எழுதி வைத்திருக்கிறார். ஆப்பு ஐந்தாவது கிளெய்மில் தூங்குகிறது.

எக்ஸாமினர் மூன்று ஆவணம் காட்டுகிறார். டி1 லீவர் பூட்டுள்ள ஒரு கனெக்டர். டி2 பிராக்கெட்டில் சென்சார் பொருத்திய பெடல். டி3 தண்ணீர் புகாத சிலிகான் சீல். எல்லா உறுப்பும் ஒரே ஆவணத்தில் இல்லாததால் புதுமை இல்லை என்று சொல்லவில்லை. டி1-ஐயும் டி2-வையும் துறை தெரிந்த ஒருவர் சேர்த்திருப்பார், ஆகவே 2(1)(ஜே.ஏ.) பிரிவின்படி இன்வென்டிவ் ஸ்டெப் (துறை தெரிந்தவருக்கே எளிதில் தோன்றாத முன்னேற்றம்) இல்லை என்கிறார். கூடவே 3(எஃப்): தெரிந்த சாதனங்களை வெறுமனே அடுக்கி வைத்திருக்கிறீர்கள், ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியாகத்தான் செய்கிறது என்கிறார். கனெக்டர், சுவிட்ச், பிராக்கெட் மாதிரி விண்ணப்பங்களில் இந்த இரண்டும் சேர்ந்தே வரும், ஆச்சரியப்படாதீர்கள்.

இப்போது ஒரு எக்செல் ஷீட் திறந்து இடது ஓரத்தில் உங்கள் கிளெய்மை உறுப்பு உறுப்பாக உடைத்துப் போடுங்கள், பக்கத்தில் டி1, டி2, டி3-க்கு ஒவ்வொரு பத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த உறுப்பு அந்த ஆவணத்தில் எந்தப் பாராவில், எந்தப் படத்தில் இருக்கிறது என்று எண்ணோடு எழுதுங்கள். எக்ஸாமினர் சொன்ன பாராவை மட்டும் படித்தால் போதாது, முழு ஆவணத்தையும் படியுங்கள், அது எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்பது பெரும்பாலும் முதல் இரண்டு பக்கத்திலேயே இருக்கும். ஆவணம் வெளியான தேதி உங்கள் முன்னுரிமைத் தேதிக்கு (இந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் தாக்கல் செய்த நாளுக்கு) முந்தையதுதானா என்றும் பாருங்கள். மூன்று பத்தியிலும் "இல்லை" என்று நிற்கிற கட்டம் எதுவோ, உங்கள் பேட்டன்ட் அங்கேதான் இருக்கிறது. நம் உதாரணத்தில் அது ஆப்பு, இன்னும் சரியாகச் சொன்னால் லீவர் மூடுவதும் கூடு இறுகுவதும் ஒரே அசைவில் நடப்பது.

அங்கேயே நின்றுவிடாதீர்கள். எக்ஸாமினருக்குக் கிடைக்காதது வேறு யாருக்காவது பின்னால் கிடைக்கும். இந்தப் பெடல் துறையிலேயே இதற்கு உலகப் புகழ்பெற்ற வழக்கு ஒன்று இருக்கிறது: கே.எஸ்.ஆர். எதிர் டெலிஃபிளெக்ஸ், அமெரிக்க உச்ச நீதிமன்றம், 2007 ஏப்ரல் 30. முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய பெடல், அதன் நகராத சுழல் அச்சில் எலக்ட்ரானிக் சென்சார், இதுதான் டெலிஃபிளெக்ஸ் தரப்பு கோரிய நாலாவது கிளெய்ம். தேர்வின்போது இதைவிட அகலமான கிளெய்ம் ஒன்று ரெடிங், ஸ்மித் என்ற இரண்டு பழைய பேட்டன்ட்களைச் சேர்த்துக் காட்டித் தள்ளப்பட்டது. நாலாவது கிளெய்மில் நகராத அச்சு என்ற நிபந்தனை இருந்ததால் அது தப்பித்தது. ஆனால் நகராத அச்சுள்ள நகர்த்தும் பெடல் அசானோ என்பவரின் பேட்டன்டில் ஏற்கெனவே இருந்தது, எக்ஸாமினர் முன் அது வரவே இல்லை. சென்சாரை மிதிக்கும் பகுதியில் வைத்தால் வயர் உரசித் தேய்கிறது என்பது ரிக்சன் பெடலில் தெரிந்திருந்த தொல்லை, அசையாத பாகத்தில் வை என்று ஸ்மித் எழுதியே வைத்திருந்தார். ஆக, துறையில் இருக்கிற யாரும் அசானோ பெடலின் நகராத அச்சில் சென்சாரை வைத்திருப்பார்கள், அந்தக் கிளெய்ம் செல்லாது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். இந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எஃப்.இ.ஆரைத் தாண்ட நீங்கள் இன்று சேர்க்கப்போகும் நிபந்தனை வேறெங்காவது கிடக்கிறதா என்று நீங்களே தேடியாக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. பழைய பேட்டன்ட்களைத் தேடும் தளங்களான எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் இரண்டும் இலவசம். வார்த்தையை மட்டும் வைத்துத் தேடாமல் வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள்: கனெக்டர்கள் எச்01ஆர் 13-இல், லீவரால் செருகும் வகை 13/629-இல், பெடல்கள் ஜி05ஜி 1/30 தொடங்கி அதன் கீழே, ஆக்சிலரேட்டர் அமைப்பு பி60கே 26/02-இல்.

நம் நாட்டு அளவுகோலும் லேசானதல்ல. பிஸ்வநாத் பிரசாத் வழக்கில், பாத்திரத்தைக் கடைசல் பிடிக்கும்போது தாங்கிப் பிடிக்கிற ஒரு கருவிக்கான பேட்டன்டைப் பார்த்துவிட்டு, பட்டறையில் இயல்பாக நடக்கும் மேம்பாட்டைவிடக் கூடுதலாக ஏதாவது இருக்க வேண்டும் என்று 1978-லேயே நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் "எங்கள் கனெக்டர் உறுதியானது, விலை குறைவு, தண்ணீர் புகாது" என்று எழுதும் பதில் எடுபடாது. தண்ணீர் புகாமல் சீல் போடுவது எல்லோருக்கும் தெரிந்த வேலை. ஒரே கேள்வியில் ஒட்டிநின்று பேச வேண்டும்: இந்த உறுப்புகள் ஒன்றையொன்று என்ன செய்ய வைக்கின்றன? டி1-இல் லீவர் கனெக்டரை மட்டும் பூட்டுகிறது. டி2-வில் சென்சாரை ஸ்குரூ பிடிக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஒரு லீவரும் ஒரு ஸ்குருவும்தான் கிடைக்கும், லீவர் மூடாவிட்டால் சென்சார் நிற்காது என்ற நிலை கிடைக்காது. லீவரின் வேலையே நம் அமைப்பில் மாறிவிட்டது, ஆகவே உறுப்புகள் தனித்தனியாக இயங்கவில்லை. இந்த ஒரே வாதம் 2(1)(ஜே.ஏ.)-வுக்கும் பதில், 3(எஃப்)-க்கும் பதில்.

கிளெய்மைத் திருத்தாமல் இதை வெறும் வாதமாக மட்டும் சொன்னால் முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் கேட்பார்: அது கிளெய்ம் ஒன்றில் எங்கே இருக்கிறது? ஐந்தாவது கிளெய்மில் உள்ள ஆப்பை முதல் கிளெய்முக்குக் கொண்டுவாருங்கள். 59-ஆம் பிரிவு இங்கே கண்டிப்பானது. திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்மின் எல்லைக்குள் அடங்க வேண்டும், விவரணையில் (விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பை விளக்கி எழுதிய பகுதியில்) இல்லாத எதையும் புதிதாக நுழைக்க முடியாது. சுருக்கலாம், விரிக்க முடியாது. ஆப்பின் சாய்வுக் கோணம்தான் ரகசியம் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கலாம், ஆனால் தாக்கல் செய்த அன்று அதை எழுதவில்லை என்றால் இந்த விண்ணப்பத்தில் அது போச்சு. விவரணையை எழுதும்போதே ஒவ்வொரு உறுப்பும் மற்றதை எப்படித் தொடுகிறது, தள்ளுகிறது, பூட்டுகிறது என்று சலிக்காமல் எழுதி வைப்பது இதற்காகத்தான், விவரணை நீளமாகிறது, 30 பக்கத்துக்கு மேல் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் ஏறுகிறது என்று அங்கே சிக்கனம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். திருத்தம் தெரியும்படி கோடிட்ட பிரதி ஒன்று, சுத்தமான பிரதி ஒன்று, இரண்டையும் இணையுங்கள்.

சோதனை முடிவு இருந்தால் சேர்க்கலாம். உப்புப் புகைச் சோதனைக்கு 5 சதவீத உப்புக் கரைசல், அப்புறம் அதிர்வு மேடை, ஒவ்வொரு கட்டத்திலும் பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவிலுள்ள மின்தடை மில்லி ஓமில். ஆனால் யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். கனெக்டரே இல்லாத ஒன்றோடு இல்லை, டி1 லீவரும் டி2 ஸ்குருவும் சேர்ந்த அமைப்போடு ஒப்பிட வேண்டும். உரசல் குறையும் என்று விவரணையில் ஒரு வரியாவது இருந்தால்தான் இந்த எண்களுக்கு மதிப்பு.

பதிலை ஆங்கிலத்தில்தான் கொடுப்பீர்கள், இருந்தாலும் முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் உங்கள் டூல்ரூம் ஆள் படித்துவிட்டு "அண்ணே, ஆப்பு அப்படி நகராதே" என்று சொல்ல முடியும். சாரமான பகுதி இப்படி இருக்கலாம்:

"டி1-இன் படம் 3-இல் உள்ள லீவர் கனெக்டரின் இரு பாதிகளை மட்டுமே பூட்டுகிறது, அது வேறெந்தப் பாகத்தையும் அசைக்கவில்லை. டி2-வில் சென்சார் கூடு ஸ்குருவால் பொருத்தப்படுகிறது, கனெக்டர் செருகப்பட்டதா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. திருத்திய கிளெய்ம் 1-இல் லீவரின் மூடும் அசைவே ஆப்பைத் தள்ளிக் கூட்டைப் பிராக்கெட்டோடு இறுக்குகிறது. இதனால் பாதி செருகிய நிலையில் பொருத்துவது தடுக்கப்படுகிறது, செருகிய பின் தொடர்புப் புள்ளிகளின் சார்பு அசைவு குறைகிறது. டி1, டி2 இரண்டில் எதுவும் லீவரை இந்த வேலைக்குப் பயன்படுத்தும்படி சொல்லவுமில்லை, கோடி காட்டவுமில்லை."

எக்ஸாமினர் சரியாகச் சொன்ன இடங்களில் ஒப்புக்கொண்டு திருத்திவிடுங்கள், எல்லாவற்றையும் மறுக்கும் பதிலில் நல்ல வாதமும் சேர்ந்து அடிபடும். எந்த ஆட்சேபத்தையும் பதில் சொல்லாமல் தாண்டாதீர்கள், சின்னதாக இருந்தாலும் சரி.

பதிலில் திருப்தி இல்லை என்றால் விசாரணைக்கு அழைப்பார்கள். அன்று தோதுப்படவில்லை என்றால் குறைந்தது 3 நாள் முன்னதாகக் கேட்டுத் தள்ளி வைக்கலாம், மொத்தம் இரண்டு முறைதான், ஒவ்வொரு முறையும் 30 நாளுக்கு மிகாமல். நிஜக் கனெக்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேமரா முன் லீவரை மூடிக் காட்டுங்கள், பத்துப் பக்க எழுத்தைவிட அது சீக்கிரம் புரியும். பேசியதை விசாரணை முடிந்து 15 நாளுக்குள் எழுத்தாகக் கொடுக்க வேண்டும், அதில் புதிய வாதத்தை நுழைக்காமல் அன்று சொன்னதையே எழுதுங்கள். அதற்கும் மேலே போய் 15-ஆம் பிரிவின்படி மறுத்துவிட்டால், 3 மாதத்துக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு, புதுச்சேரிக்காரர்களுக்கும் அதே நீதிமன்றம்தான்.