அம்மாவால் தரையிலிருந்து எழ முடியவில்லை: எது சரிசெய்தது

காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அப்பா போனதும் மாடுகளையும் விற்றுவிட்டோம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாமல் போனது. கை வளையலும் தொளதொளவென்று ஆடியது.

மூட்டுத் தேய்மானம் என்று தைலம், கால்சியம் மாத்திரை. எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை. சர்க்கரை, தைராய்டும் சரி. காலை நடையும் பலன் தரவில்லை.

விஷயம் பிடிபட்டது அடுக்களையில்தான். மாதாமாதம் வாங்கிய ரேஷன் துவரம்பருப்பு பிரிக்காமலே வண்டு விழுந்து கிடந்தது. “ஒருத்திக்கு என்ன கண்ணு பருப்புக் கடையறது?” என்றார் அம்மா. ரசம் சோறு, மோர் சோறு, டீக்கு வர்க்கி. மாடு போனதோடு பாலும் போயிருந்தது. வயிறு நிறைந்தது, தசைக்கு வேண்டிய புரதம் இல்லை.

பெரியவர்களுக்குப் பொதுவாக எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியக் கணக்கு. முதுமையில் 1 கிராமுக்கு மேலும் வேண்டும் என்கிறார்கள். சிறுநீரகம் சரியா என்று டாக்டரிடம் பார்த்துவிட்டு, கொள்ளு, பச்சைப்பயறு, தயிர், முட்டை என மூன்று வேளைக்கும் பிரித்தோம். பகல் சாப்பாடு பக்கத்துத் தோட்டத்து அக்காவோடு. துணைக்கு ஆள் இருந்தால்தான் அடுப்பில் பருப்பு ஏறுகிறது.

கூடவே நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. நடை மட்டும் தசைக்குப் போதாது. வாரம் 2 நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. கயிற்றுக் கட்டில் ஆகாது, தொய்ந்து உள்ளே இழுக்கும். சுவரோரம் மர நாற்காலி, மேலே கெட்டியாக மடித்த இரண்டு ஜமுக்காளம், கை மார்பில். சுலபமானதும் ஒன்றை எடுத்தோம், பிறகு இன்னொன்றை. இப்போது கையூன்றாமல் எழுகிறார்.