சாட்சி சொல்லப் போகிற குழந்தைக்குப் பாடம் எடுக்காதீர்கள்

டெல்லியில் மயூர் விஹார் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோர்ட் என்றால் கர்கர்டூமாதான். குழந்தைகள் பயமில்லாமல் சாட்சி சொல்வதற்கான தனி வளாகம் 2012-இல் அங்கே வந்தது. இடம் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் பெரும்பாலும் வீட்டில்தான் ஆரம்பிக்கிறது.

அம்மாவும் அப்பாவும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைக்கிறார்கள். குறுக்கு விசாரணையில் "இப்படிச் சொல்லணும்னு யார் சொல்லிக் கொடுத்தா?" என்ற கேள்வி வந்தால் குழந்தை உண்மையைச் சொல்லும்: "அம்மா." அவ்வளவுதான், நடந்த உண்மையே சந்தேகத்துக்குள் போய்விடும். "சரியா சொல்லிட்டு வா, சைக்கிள் வாங்கித் தரேன்" என்பதும் அதே வகைதான். சொல்லிக் கொடுக்க வேண்டியது மூன்றே விஷயம்: நடந்ததைச் சொல்லு, ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லு, கேள்வி புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லு.

நம்மவர்கள் கவனிக்காத இன்னொன்று மொழி. பள்ளியில் ஹிந்தி பேசுகிறதே, சமாளித்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். நம் குழந்தை எதிர்வீட்டுக்காரரையும் 'மாமா' என்றுதான் கூப்பிடும். ஹிந்திக்காரர் காதில் அது அம்மாவின் தம்பியோ அண்ணனோதான். பதிவில் அப்படியே ஏறினால், பிறகு அதை அவிழ்ப்பது பெரும்பாடு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 38-ஆம் பிரிவில் மொழிபெயர்ப்பாளருக்கு வழி இருக்கிறது. அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அம்மாவே பெயர்த்துச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள், அவரும் பெரும்பாலும் சாட்சியாக இருப்பார்.

"அங்கே யாரும் இருக்க மாட்டாங்க" என்று பொய் சொல்லவும் வேண்டாம். நீதிபதி இருப்பார், வக்கீல்கள் இருப்பார்கள். ஆனால் போக்சோ வழக்கில் வக்கீல்களின் கேள்விகள் நீதிபதி வழியாகத்தான் வர வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படவும் கூடாது. இதையெல்லாம் குழந்தைக்குச் சொல்லலாம். நடுவில் பாத்ரூம் போகக் கேட்கலாம் என்பதையும்தான்; கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு உட்காரும் பிள்ளைகள் உண்டு. வழக்கில் குழந்தைக்குத் துணை நிற்க ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமித்திருந்தால், அறையை முன்பே ஒருமுறை காட்ட முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.

அப்புறம் வாய்தா. "நாளைக்கு எல்லாம் முடிஞ்சிடும்" என்று சொல்லாதீர்கள். தேதி தள்ளிப் போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டு, பையில் கொஞ்சம் புளிசாதமும் ஒரு கலர் பென்சில் பெட்டியும் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.