டொராண்டோ குளிரில் கை வெடித்தால்: புதிதாக வந்தவர்களுக்கு

செப்டம்பரில் வந்து இறங்கியவர்களுக்கு முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியாது. நவம்பர் நடுவில் ஒரு நாள் ரசத்துக்குப் புளி கரைக்கும்போது விரல் சுள்ளென்று எரியும். எடுத்துப் பார்த்தால் கட்டைவிரல் நகத்தோரம் மெல்லிசாக ஒரு வெடிப்பு. புறங்கை முழுக்க வெள்ளை பூத்துக் கிடக்கும். ஊரில் பித்தவெடிப்பு பார்த்திருப்போம். கையில் வெடிப்பது நம்மில் பலருக்கு இங்கேதான் முதல்முறை.

எல்லோரும் வெளிக்குளிரைத்தான் திட்டுவார்கள். அதன்மேல் பாதிக் குற்றம்தான். மீதி வீட்டுக்குள், ஹீட்டரிலும் சிங்க்கிலும் இருக்கிறது. மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் காற்று ஒரு கன மீட்டருக்கு இரண்டு கிராம் சொச்சம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடானதும் 18 கிராம் வரை தாங்கும். ஆனால் அதில் இருப்பது அந்த இரண்டு கிராம்தான். ஈரப்பதக் கணக்கில் 12, 13 சதவீதம். சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் சேர்ந்து அதை 20, 25 என்று கொஞ்சம் ஏற்றிவைக்கும், அவ்வளவுதான். சென்னையின் 70 சதவீதக் காற்றிலேயே வளர்ந்த தோல் இதற்குப் பழகியதல்ல. இங்கே பெரும்பாலான வீடுகளில் எரிவாயு ஃபர்னஸ் சூடாக்கிய காற்று தரையிலோ சுவரிலோ இருக்கிற வென்ட் வழியாக வரும். குளிர்ந்த கையை அந்த வென்ட்டுக்கு நேரே நீட்டிக் காய்வது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் தோலில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் அது எடுத்துக்கொண்டு போய்விடும்.

முகம் ஓரளவு தாக்குப்பிடிக்கும்போது கை மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்று தோன்றலாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்புதான் ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கிறது. சோப்பும் வெந்நீரும் அந்தக் கொழுப்பைக் கரைத்துவிடும். தோலின் இயல்பு லேசான அமிலத்தன்மை. சாதாரண சோப்புக்கட்டி அதற்கு நேரெதிரான காரம். ஒருமுறை கழுவினால் தோல் தானாகச் சரிசெய்துகொள்ளும். ஒரு நாளில் இருபது முறை கழுவினால் அதற்கு நேரமே கிடைக்காது.

நம் வீடுகளில் இருபது என்பது சாதாரணம். அரிசி களைய வேண்டும், கீரை அலச வேண்டும், புளி கரைக்க வேண்டும், மாவைக் கையால் கலந்துவைக்க வேண்டும், ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் கையைக் கழுவ வேண்டும். கையால் சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பிடுமுன் ஒன்று, பின் ஒன்று. ஐவேளை தொழுகிறவர்களுக்குத் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளு வேறு. இதெல்லாம் போக, பாத்திரத்தையும் கையாலேயே தேய்க்கிறோம். டிஷ்வாஷர் இருக்கிற தமிழ் வீடுகள் பலவற்றில் அது கழுவிய பாத்திரம் கவிழ்த்துவைக்கும் அலமாரியாகத்தான் இருக்கிறது. குளிர்காலத்துக்கு மட்டுமாவது அதை ஓடவிடுங்கள். எவர்சில்வர் தட்டு, டம்ளர், குக்கர் பாத்திரம் எல்லாம் தாராளமாகப் போடலாம்.

கையால்தான் தேய்ப்பேன் என்றால் ரப்பர் கையுறை போடுங்கள். டாலரமா என்ற மலிவுக் கடையிலேயே கிடைக்கும். உள்ளே பஞ்சுத்துணி ஒட்டிய வகை நல்லது, இல்லையென்றால் மெல்லிய காட்டன் கையுறை போட்டு அதன்மேல் ரப்பர். வெறும் ரப்பருக்குள் கை வியர்த்து ஊறினாலும் கெடுதல்தான். கையுறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் காயவையுங்கள். பச்சை மிளகாய் நறுக்க, இஞ்சி பூண்டு உரிக்க, எலுமிச்சை பிழிய மெல்லிய நைட்ரைல் கையுறை போதும், பெட்டியாக விற்கிறார்கள். வெடித்த விரலில் மிளகாய்க் காரம் ஏறினால் ராத்திரி வரைக்கும் விடாது. அந்தக் காரம் தண்ணீரில் கரையாது. முதலில் சமையல் எண்ணெயைத் தேய்த்து, பிறகு பாத்திர சோப்பால் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். வெடிப்பு ஆறும்வரை சாம்பார் சாதத்தை ஸ்பூனால் சாப்பிடுவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

சரி, என்ன தடவுவது? கடையில் பம்ப் பாட்டிலில் வரும் லோஷனில் பெரும்பகுதி தண்ணீர். இங்கத்திய ஜனவரிக்கு அது காணாது. டப்பாவில் வரும் கெட்டியான க்ரீம் வேண்டும், அதைவிட வலுவானது ஆயின்ட்மென்ட். கிளிசரின், யூரியா போன்றவை ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். வாசலின் மேலே மூடி அந்த ஈரம் வெளியேறாமல் தடுக்கும். இரண்டு வேலையும் நடக்க வேண்டும். செராவே, யூசெரின், கிளாக்ஸால் பேஸ் என்று ஃபார்மசி அலமாரியில் ஒரு வரிசையே இருக்கும். ஓகீஃப்ஸ் வொர்க்கிங் ஹேண்ட்ஸ் என்ற பச்சை டப்பாவில் கிளிசரின் நிறைய. கட்டடத் தொழிலாளர்கள் விரும்பி வாங்குவது. எதை எடுத்தாலும் டப்பாவில் 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று போட்டிருக்கிறதா பாருங்கள், வெடித்த தோலுக்கு வாசனைப் பொருள் ஆகாது. காசு கட்டுப்படியாகாது என்றால் 1870-களிலிருந்து விற்கும் அதே வாசலின் போதும். ஈரத்தைப் பூட்டிவைப்பதில் விலை உயர்ந்த டப்பாக்களில் பல அதன் பக்கத்தில் வர முடியாது. பிசுபிசுப்புதான் ஒரே குறை.

என்னைக் கேட்டால், எந்த க்ரீம் என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பாத்ரூம் கேபினட்டுக்குள் இருக்கும் நாற்பது டாலர் க்ரீம் ஒன்றுக்கும் உதவாது. சமையலறை சிங்க் பக்கத்தில் ஒன்று, கைப்பையில் சின்ன ட்யூப் ஒன்று, தலைமாட்டில் ஒன்று. கையைக் கழுவியதும் ஒற்றியெடுங்கள், தேய்த்துத் துடைக்க வேண்டாம். லேசாக ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், பயறளவு க்ரீமைப் புறங்கையில் வைத்து இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துவிட்டு விரலிடுக்கு, நகத்தோரம் என்று முடியுங்கள். உள்ளங்கையில் கடைசியாகப் படும் மிச்சமே போதும். கதவுக்குமிழி வழுக்காது, ஃபோன் திரையும் பிசுக்காகாது. கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் போதும். வெந்நீர் கிருமியைக் கொல்லும் என்று நினைத்துக் கொதிக்கக் கொதிக்கத் திறந்துவிட வேண்டாம், கை தாங்குகிற சூட்டுக்கு எந்தக் கிருமியும் சாகாது.

ராத்திரி வைத்தியம் ஒன்று இருக்கிறது, இதைத் தவறவிடாதீர்கள். கையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நனைத்து, ஒற்றி, க்ரீம் தடவி, அதன்மேல் வாசலினைத் தாராளமாகப் பூசி, காட்டன் கையுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள். கையுறை இல்லையென்றால் பழைய காட்டன் சாக்ஸ். இரண்டு மூன்று ராத்திரியிலேயே வித்தியாசம் தெரியும். குதிகாலுக்கும் இதேதான்.

தேங்காய் எண்ணெய் போடலாமா என்று கேட்காத ஆள் இல்லை. போடலாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதால் இங்கே பாட்டிலில் கல்லாக நிற்கும். வாயகன்ற டப்பாவில் வாங்கினால் விரலால் எடுத்து உள்ளங்கைச் சூட்டில் உருக்கிக்கொள்ளலாம். தோலை மென்மையாக்கும், ஆனால் வாசலின் அளவுக்கு ஈரத்தைப் பூட்டாது. காய்ந்த கையில் தடவுவதைவிட ஈரக்கையில் தடவினால் பலன் அதிகம். மஞ்சள், எலுமிச்சைச் சாறு, உப்புப் போட்ட வெந்நீர் ஆகியவை வெடித்த கைக்கு வேண்டவே வேண்டாம். எரிச்சலும் வறட்சியும்தான் கூடும்.

ஆழமாகப் பிளந்து ரத்தம் கசிகிற வெடிப்பென்றால் வாசலின் வைத்து பேண்டேஜ் சுற்றுங்கள். விரல் நுனியில் பேண்டேஜ் நிற்காது; அங்கே ஃபார்மசியில் கிடைக்கும் லிக்விட் பேண்டேஜ் உதவும். சுத்தமான காய்ந்த விரலில் ஒரு சொட்டு விட்டால் ஒரு நொடி எரிந்து, பிறகு வெடிப்பை மூடிவிடும். ஓரத்தில் துருத்தும் தோலைப் பிய்க்கவோ நகவெட்டியால் நறுக்கவோ வேண்டாம். யூரியா க்ரீம் தடித்த தோலை இளக்கும், ஆனால் திறந்த வெடிப்பில் பட்டால் எரியும். மூடிய பிறகு ஆரம்பியுங்கள்.

இன்னொன்று. ஊரிலிருந்து பெட்டியில் பெட்னோவேட் மாதிரி ட்யூப் கொண்டுவருபவர்கள் நிறையப் பேர். அது வலுவான ஸ்டீராய்டு. இரண்டு நாளில் குணமானதுபோலக் காட்டும், வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து இன்னும் எளிதாக வெடிக்கும். ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், படர்தாமரை மருந்து மூன்றையும் கலந்த க்ரீம்கள் இன்னும் மோசம். டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

வெளியே போகும்போது கையுறையை வாசலுக்கு வெளியே வந்து தேடாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் தனித்தனி விரல் கையுறையைவிடச் சூடு. கம்பளி அரித்தால் உள்ளே மெல்லிய காட்டன். பனியில் தூவும் உப்பை வெறுங்கையால் அள்ளாதீர்கள். விரல் வெளிறி, மரத்து, உணர்ச்சியே இல்லாமல் போனால் அது வறட்சி அல்ல, உறைகடி (ஃப்ராஸ்ட்பைட்). தேய்க்காமல் உடனே உள்ளே வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் எமர்ஜென்சிக்குப் போங்கள்.

வீட்டு ஈரப்பதத்தை அளக்க ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வாங்குங்கள், விலை அதிகமில்லை. குளிர்காலத்தில் 30 முதல் 40 சதவீதம் இருந்தால் நல்லது. தனி வீடென்றால் ஃபர்னஸிலேயே காற்றில் ஈரம் ஏற்றும் ஹியூமிடிஃபையர் பொருத்தியிருக்கலாம், தெர்மோஸ்டாட் பக்கத்தில் அதற்கென ஒரு திருகு இருக்கிறதா பாருங்கள். அறைக்கு மட்டும் தனியாக வாங்கினால் அடிக்கடி தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கிருமியையும் பூஞ்சையையும் சேர்த்துத்தான் ஊதும். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் முதலில் அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சில பேஸ்மென்ட்கள் ஏற்கெனவே ஈரமாக இருக்கும், இன்னும் ஏற்றினால் சுவரில் பூஞ்சை வரும்.

புதிதாக வந்தவர்களுக்கு முதலில் கிடைக்கும் வேலைகளில் பலவும் கைக்குப் பகை: ரெஸ்டாரன்ட் கிச்சன், முதியோர் பராமரிப்பு, அட்டைப்பெட்டி தூக்கும் வேர்ஹவுஸ். அட்டைப்பெட்டியும் கையிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும். பிடிமானமுள்ள கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கை அழுக்காகத் தெரியாதபோது, விதி அனுமதித்தால், சோப்பைவிட கிளிசரின் கலந்த சானிடைசர் தோலுக்குச் சாது. ஆனால் திறந்த வெடிப்பில் எரியும். வேலையில்லாத நாட்களில் கை தேறி, வேலைக்குத் திரும்பியதும் மோசமானால் டாக்டரிடம் அதைத் தவறாமல் சொல்லுங்கள். குறிப்பிட்ட சோப்போ கையுறையோ ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் பார்த்தும் ஆறவில்லை என்றால் குடும்ப டாக்டர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். 2023 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோ ஃபார்மசிஸ்ட்கள் எக்ஸிமா போன்ற தோல் அழற்சிக்குத் தாங்களே மருந்து எழுதலாம். ஹெல்த் கார்டு இருந்தால் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, மருந்துக்கு மட்டும் காசு. 811-ஐ அழைத்தால் நர்ஸிடமும் பேசலாம். நம் நிறத்தில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் கருப்பாக, சாம்பலாக, ஊதாவாகத் தெரியும். "சிவந்திருக்கிறதா?" என்று கேட்டால் வெறுமனே இல்லை என்று சொல்லிவிடாமல் அரிப்பு, சூடு, நிறமாற்றம் எது இருந்தாலும் சொல்லுங்கள். ஒரு கை மட்டும் உரிந்து மற்றது நன்றாக இருந்தால், பாதத்தையும் பாருங்கள். இரண்டு பாதங்களிலும் ஒரு கையிலும் மட்டும் வரும் பூஞ்சைத் தொற்று ஒன்று உண்டு, அதற்கு எத்தனை க்ரீம் தடவியும் பிரயோஜனமில்லை. சீழ், பரவும் வீக்கம், காய்ச்சல் என்றால் அன்றைக்கே காட்டுங்கள்.

அப்பா அம்மாவைக் குளிர்காலத்தில் வரவழைப்பவர்களுக்கு: வயதானால் தோல் இயல்பாகவே காயும், சர்க்கரை இருந்தால் குதிகால் வெடிப்பு வலியில்லாமலே புண்ணாகலாம். வாரம் ஒருமுறை அவர்கள் பாதத்தை வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள், கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கு ஓஹிப் (ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடு) கிடையாது என்பதால், விசிட்டர் இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை நோய்க்கும் அது பணம் தருமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.