வெளிநாட்டில் வீடு கட்டப் போகும் தொண்டூழியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை வந்தால் சிங்கப்பூரிலிருந்து இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கும் கம்போடியாவுக்கும் வீடு கட்டக் கிளம்பும் குழுக்களில் நம்மவர்களும் நிறைய இருக்கிறார்கள். நல்ல காரியம். நானும் சில தடவை போயிருக்கிறேன். புதிதாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலில் கலவைக் கதை. பாத்தாமில் எங்கள் முதல் நாள். எல்லாருக்கும் உற்சாகம். யாரையும் கேட்காமல் சிமெண்ட் மூட்டையைப் பிரித்து, மணலோடு சேர்த்து, மூன்று பேர் மாற்றி மாற்றிக் குழைத்துத் தள்ளிவிட்டோம். கல் வைக்க இருந்ததோ ஒரே ஒரு துக்காங், அதாவது கொத்தனார். தண்ணீர் பட்ட சிமெண்ட் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறுக ஆரம்பித்துவிடும், வெயிலில் அதைவிடச் சீக்கிரம். பதினொரு மணிக்குள் பாதிக் கலவை கட்டி தட்டிப்போனது. எங்களில் ஒருவர் அதில் தண்ணீர் ஊற்றி இளக்கப் பார்த்தார். துக்காங் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். இறுகியதை இளக்கிக் கட்டினால் சுவர் பலமாக நிற்காது. அந்த வீட்டு அம்மா வந்து, கட்டிகளை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு போனார். மழை பெய்தால் சேறாகும் வாசலில் போட்டுக்கொள்வாராம். வீணானது அவருடைய சிமெண்ட்.

அந்தச் சாக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அங்கே கட்டுகிறவர் கொத்தனார், நாம் சித்தாள். சித்தாள் கேட்டுத்தான் குழைப்பார், கேட்டுத்தான் கல் எடுத்துக் கொடுப்பார். தூக்குக்குண்டு போட்டுச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வரிசைகூட வைக்கக் கூடாது. "நான் பொறியாளர்" என்று சொல்லிக்கொண்டு அவருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். இரண்டு தலைமுறையாகக் கல் வைக்கிறவர் அவர்.

உடம்பு விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும். எரிச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும் என்பதால் பலர் கையுறையைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். செருப்புப் போட்டுக்கொண்டு தளத்தில் நிற்கவே கூடாது, பழைய பலகையெல்லாம் ஆணி. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகிவிட்டதா என்று பாருங்கள். கிளம்புவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். புறப்படும் வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள்.

பயணக் காப்புறுதியை வாங்கியதும் நிம்மதி ஆகிவிடுகிறோம். பல காப்புறுதிகளில் உடலுழைப்பு வேலையில் ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு இல்லை என்று சின்ன எழுத்தில் இருக்கும். தொண்டூழியமாகச் செய்தாலும் சாரத்தில் ஏறுவது உடலுழைப்புதான். வாங்கும் முன் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

குழுவில் எல்லாரும் சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் என்று நினைத்துவிடுவது இன்னொரு தவறு. நம் குழுக்களில் இந்தியக் கடப்பிதழோடு நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் வருவார்கள். மற்றவர்கள் விசா இல்லாமல் போகும் இடத்தில் அவர்களுக்கு விசா வேண்டியிருக்கலாம். நிரந்தரவாசி என்றால் மறுநுழைவு அனுமதி காலாவதியாகாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். யாராக இருந்தாலும் கடப்பிதழ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். தொண்டூழிய வேலைக்கு எந்த விசா சரி என்பதை அங்குள்ள அமைப்பிடமே கேளுங்கள், ஊகிக்காதீர்கள்.

பணம் திரட்டுவதில்தான் நல்ல மனசுக்காரர்கள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். முறுக்கு விற்று, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உண்டியல் வைத்து, வாட்ஸ்ஸப்பில் அனுப்பி நிதி சேர்த்துவிடலாம் என்று தோன்றும். வெளிநாட்டு அறப்பணிக்காக இங்கே நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். பொதுமக்களிடம் திரட்டினால், செலவு போக மிஞ்சும் தொகையில் 80 விழுக்காடாவது சிங்கப்பூருக்குள் உள்ள அறப்பணிக்குச் செலவாக வேண்டும் என்பது வழக்கமான விதி. விலக்கு கேட்க வழி உண்டு, ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும். நன்கொடை தருபவரிடம் வரிக்கழிவு கிடைக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். இப்படி வெளிநாட்டில் வீடு கட்டும் பணிக்குப் பொதுவாக அது கிடையாது.

டிசம்பரில் போனால் பாத்தாமில் மழை. வேலை நிற்கும், அதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஆண்கள் தொழுகைக்குப் போவார்கள். அப்போது "வேலை நின்றுபோச்சே" என்று முகம் சுளிக்க வேண்டாம். கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். நேரக் குழப்பத்தில் திரும்பும் படகைத் தவறவிட்டவர்கள் உண்டு.

சாப்பாடு. சைவம் என்றால் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். அங்குள்ள சம்பலில் பெரும்பாலும் பெலாச்சான், அதாவது இறால் விழுது, இருக்கும், காய்கறி என்றுதான் கொண்டுவருவார்கள். அப்புறம் தட்டைத் தள்ளி வைத்தால் சமைத்தவருக்கு வருத்தம்.

படம் எடுப்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. கூரையில்லாத வீட்டின் முன்னால் ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரிப்பது சரியில்லை. நம் பிள்ளையை முன்பின் தெரியாதவர் அப்படித் தூக்கினால் ஒத்துக்கொள்வோமா? பெற்றோரைக் கேளுங்கள், வேண்டாம் என்றால் கைப்பேசியை உள்ளே வையுங்கள். பிள்ளைகள் கையில் காசு திணிப்பதும் வேண்டாம். "அடுத்த வருஷம் கண்டிப்பாக வருவேன்" என்ற வாக்கு அதைவிட மோசம். நீங்கள் மறந்துவிடுவீர்கள், அந்தப் பிள்ளை மறக்காது.

கடைசி நாளில் பூட்ஸ், கையுறை, கருவிகள் எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். யாருக்கு என்ன தேவை என்று கேட்டுக் கொடுங்கள். இரண்டாவது பயணத்தில் நாங்கள் கேட்டோம். துக்காங் எங்கள் பூட்ஸைக் காலில் அளந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.