கார் காப்பீட்டுப் புதுப்பித்தலில் பழைய வாடிக்கையாளர் செய்யும் தவறுகள்

ஒரே நிறுவனத்திடம் ஆண்டுக்கணக்கில் கார் காப்பீடு எடுத்துவரும் ஒருவர், ஒரு விபத்துகூட இல்லாமல் வண்டி ஓட்டியிருந்தாலும், அதே வயது, அதே வண்டி, அதே முகவரி கொண்ட புதிய வாடிக்கையாளரைவிடக் கூடுதல் பிரீமியம் கட்டுவது பல நாடுகளில் நெடுங்காலம் நடந்துவந்திருக்கிறது. இது கணக்கில் நேர்ந்த பிழை அன்று. பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை, வீட்டுக் காப்பீட்டிலும் வாகனக் காப்பீட்டிலும் சேர்த்து ஏறத்தாழ 60 லட்சம் பாலிசிதாரர்கள் 2018ஆம் ஆண்டில் மிகுதியான விலை கொடுத்துக்கொண்டிருந்ததாகவும், தங்கள் ஆபத்துக்கு உரிய சராசரி விலையை மட்டும் அவர்கள் கட்டியிருந்தால் மொத்தம் 120 கோடி பவுண்டு மிச்சமாகியிருக்கும் என்றும் கணக்கிட்டது.

புதியவரை இழுப்பதற்காக முதல் ஆண்டுப் பிரீமியத்தைச் சில நிறுவனங்கள் அடக்கவிலைக்கும் கீழே வைக்கின்றன. அந்த இழப்பை ஈடுகட்டி லாபமும் பார்க்க வேண்டுமானால், பின்வரும் புதுப்பித்தல்களில் விலையைச் சிறிது சிறிதாக ஏற்றியாக வேண்டும். யாருக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பதை முடிவுசெய்ய இரண்டு கணிப்புகள் பயன்படுகின்றன. இவர் கிளைம் கேட்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது ஒன்று. விலை ஏறினால் இவர் விலகிப்போகும் வாய்ப்பு எவ்வளவு என்பது மற்றொன்று. முதலாவது காப்பீட்டுத் தொழிலின் இயல்பான வேலை. இரண்டாவதற்கும் நாம் வண்டி ஓட்டும் விதத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அமெரிக்காவில் 'பிரைஸ் ஆப்டிமைசேஷன்' என்று அழைக்கப்பட்ட இந்த முறையை 2014இல் மேரிலாந்து மாநிலம் தடைசெய்தது. கலிபோர்னியா உள்ளிட்ட வேறு பல மாநிலங்களும் அடுத்தடுத்து அதே வழியில் சென்றன. ஆகவே கேள்வி கேட்காமல் பணம் கட்டுபவர் என்ற நம் பழக்கமும் பிரீமியத்தைத் தீர்மானிக்கும் ஒரு தரவாகிவிடுகிறது என்பதை மனத்தில் கொண்டுதான் புதுப்பித்தல் அறிவிப்பைப் படிக்க வேண்டும்.

பலரும் செய்யும் முதல் தவறு, நோ கிளைம் போனஸைப் பழைய வாடிக்கையாளருக்கு நிறுவனம் தரும் சலுகை என்று எண்ணிக்கொள்வது. அது கிளைம் இல்லாமல் ஓட்டியதற்கான தள்ளுபடி, பாலிசிதாரருக்கு உரியது, உரிய சான்றைக் காட்டி அடுத்த நிறுவனத்துக்குக் கொண்டுபோகக் கூடியது. "இங்கிருந்து போனால் இத்தனை வருட போனஸும் போய்விடும்" என்ற அச்சத்தில் ஒரே இடத்தில் தங்கிவிடுபவர்கள், இல்லாத ஒரு பூட்டுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதைவிட நுட்பமான ஏமாற்றம் ஒன்றும் உண்டு. போனஸ் என்பது ஒரு சதவீதம் மட்டுமே. அது எந்த அடிப்படை விலையிலிருந்து கழிக்கப்படுகிறது என்பதை நிறுவனமே தீர்மானிக்கிறது. அடிப்படை விலை 1,000 ஆக இருக்கும்போது 50 சதவீதத் தள்ளுபடி கிடைத்தால் கட்ட வேண்டியது 500. அடுத்த ஆண்டு அடிப்படை விலை 1,200 ஆக உயர்ந்தால், அறிவிப்பில் அதே 50 சதவீதம் தடித்த எழுத்தில் நிற்கும், ஆனால் கட்ட வேண்டியது 600 ஆகிவிடும். தள்ளுபடி குறையவில்லை என்று நிம்மதி அடைபவர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். கூடுதல் பணம் கட்டி வாங்கும் 'போனஸ் பாதுகாப்பு' வசதிக்கும் இது பொருந்தும். ஒரு கிளைமுக்குப் பிறகும் சதவீதம் குறையாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை; பிரீமியம் ஏறாது என்று அது எந்த உறுதியும் தருவதில்லை.

புதிய விலையைச் சென்ற ஆண்டு விலையோடு மட்டும் ஒப்பிட்டு நின்றுவிடுவது அடுத்த தவறு. அந்த ஒப்பீட்டையாவது எளிதாக்கலாம் என்றுதான் பிரிட்டனில் 2017 ஏப்ரல் முதல் புதுப்பித்தல் அறிவிப்பில் முந்தைய ஆண்டுப் பிரீமியத்தையும் குறிப்பிட வேண்டும் என்ற விதி வந்தது; நான்கு முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து புதுப்பித்தவர்களிடம், வேறிடத்திலும் விலை விசாரித்துப் பாருங்கள் என்று நிறுவனமே எழுத்தில் தெரிவிக்க வேண்டியதாயிற்று. பயனுள்ள விதிதான், ஆனால் சென்ற ஆண்டு விலை நல்ல அளவுகோல் அன்று. உதிரிப்பாகங்களின் விலையும் பழுதுபார்க்கும் கூலியும் ஏறும் காலத்தில் எல்லா நிறுவனங்களும் பிரீமியத்தை உயர்த்தும். அப்போது ஓரளவு ஏற்றம் நியாயமானதாகக்கூட இருக்கலாம். சந்தை முழுவதும் விலை இறங்கும் ஆண்டில், சென்ற ஆண்டு கட்டிய அதே தொகையே அதிகமானதாக இருக்கலாம். ஏற்றம் சிறிதாக இருக்கிறது என்பதும் ஆறுதலுக்கு உரியதன்று, ஏனென்றால் ஆண்டுக்கு ஆண்டு உயரும் முறையில் ஒவ்வொரு படியும் கண்ணை உறுத்தாத அளவில்தான் இருக்கும். இன்றைய தேதியில் இதே வண்டிக்கும் இதே ஓட்டுநருக்கும் பிற நிறுவனங்கள் என்ன கேட்கின்றன, இதே நிறுவனம் ஒரு புதியவரிடம் என்ன கேட்கிறது என்ற இரண்டு எண்களே சரியான அளவுகோல்கள்.

தானாகப் புதுப்பிக்கும் வசதியை ஏற்றுக்கொண்டு, அத்துடன் அந்த விஷயத்தை மறந்துவிடுவதே இந்தக் கூடுதல் கட்டணத்துக்கு நேரான வழி. காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டுவது குற்றமாக இருப்பதால், மறதியால் பாலிசி காலாவதியாகிவிடாமல் காக்கும் அந்த வசதியைக் குறைகூற முடியாது. அதை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்ட குறுஞ்செய்தி வரும்வரை விலையே தெரியாதவர், எந்த விலைக்கும் முன்கூட்டியே ஒப்புதல் தந்தவர் ஆகிவிடுகிறார். வசதி இருக்கட்டும், அது இயங்கப்போகும் தேதிக்கு ஒரு மாதத்துக்கு முன்பே நாட்காட்டியில் குறித்துவைத்து, விலையைப் பார்த்த பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவுசெய்ய வேண்டும்.

சட்டம் வந்துவிட்டது, இனி ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையில்லை என்று நினைப்பது புதிதாகத் தோன்றியிருக்கும் தவறு. பிரிட்டனில் 2022 ஜனவரி 1 முதல், வீட்டு, வாகனக் காப்பீட்டைப் புதுப்பிப்பவரிடம், அதே வழியில் வரும் புதிய வாடிக்கையாளருக்குச் சொல்லப்படும் விலையைவிட அதிகமாகக் கேட்கக் கூடாது. இந்த விதி கட்டுப்படுத்துவது ஒரு நிறுவனத்தின் இரண்டு விலைகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டுமே. அந்த நிறுவனம் எல்லோரிடமும் ஒரேபோல அதிக விலை கேட்டால் விதி மீறப்படவில்லை. எதிர்த்தெரு நிறுவனம் பாதி விலைக்குத் தருகிறது என்பதும் இந்த விதிக்குப் பொருட்டன்று. 'அதே வழியில்' என்ற சொற்களுக்கும் கனம் உண்டு. தொலைபேசியில் பாலிசி எடுத்தவருடைய விலை தொலைபேசியில் வரும் புதியவரின் விலையோடுதான் ஒப்பிடப்படும், ஒப்பீட்டு இணையதளம் வழியாக வருபவரின் விலையோடு அல்ல. அதனால் தற்போதைய நிறுவனத்தின் பெயரையே ஒப்பீட்டுத் தளத்தில் தேடிப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

அயர்லாந்தின் மத்திய வங்கி 2022 ஜூலை 1 முதல் கொண்டுவந்த தடை இதிலிருந்து மாறுபட்டது. அங்கே புதியவருக்கு முதல் ஆண்டுத் தள்ளுபடி கொடுப்பதற்குத் தடையில்லை. இரண்டாவது புதுப்பித்தலிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் கேட்கும் விலை, முதல் முறை புதுப்பிப்பவரிடம் கேட்கும் விலையைத் தாண்டக் கூடாது என்பதே விதி. ஆகவே முதல் ஆண்டு முடிந்தவுடன் விலை ஒரு முறை எகிறுவது அங்கே சட்டப்படியே நடக்கலாம், அந்த முதல் புதுப்பித்தலில்தான் அதிகக் கவனம் தேவை. இந்தியாவில் நிலைமை வேறு. மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக்கான, அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான, பிரீமியத்தை அரசே அறிவிப்பதால் அந்தப் பகுதியில் பழையவர், புதியவர் என்ற வேறுபாட்டுக்கு இடமில்லை. சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதியில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறும், ஒப்பிட வேண்டியதும் அதையே. இந்தியாவில் நோ கிளைம் போனஸ் ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம்வரை உயரும் என்பதாலும், பாலிசி காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது பறிபோகும் என்பதாலும், நிறுவனம் மாறுவதைவிட மாறத் தாமதிப்பதே அதிக நட்டம் தரும்.

கடைசி நாள்வரை காத்திருப்பதும் விலையை ஏற்றும். காலாவதிக்கு முந்தைய நாள் அவசரமாகக் காப்பீடு தேடுபவர்கள் அதிகம் கிளைம் செய்பவர்களாக இருக்கிறார்கள் என்று நிறுவனங்களின் கணிப்பு முறைகள் கருதுவதால், அதே நபருக்கே மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பு கேட்டால் ஒரு விலையும், கடைசி நாளில் கேட்டால் அதைவிடக் கூடிய விலையும் வருவது பிரிட்டன் போன்ற சந்தைகளில் வழக்கம். முன்கூட்டியே வாங்கினாலும் பாதுகாப்பு தொடங்கும் தேதியைப் பழைய பாலிசி முடியும் நாளுக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

கையில் வேறு கொட்டேஷன் இருந்தால், தற்போதைய நிறுவனத்தை அழைத்துப் பேசாமல் விலகுவது தேவையில்லாத அவசரம். "இன்ன நிறுவனம் இதே பாதுகாப்புக்கு இவ்வளவுதான் கேட்கிறது, உங்களால் முடியுமா?" என்ற ஒரு கேள்விக்கே விலை குறைவதுண்டு. விலகிப்போகக் கூடியவர் என்று தெரிந்தவுடன், நாம் விலகும் வாய்ப்பைப் பற்றிய அவர்களுடைய இரண்டாவது கணிப்பு மாறிவிடுகிறது. ஆனால் இரண்டு கொட்டேஷன்களும் ஒரே பொருளுக்கானவையாக இருக்க வேண்டும். எக்ஸஸ், அதாவது கிளைமின்போது நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, ஒன்றில் மும்மடங்காக இருந்தாலோ, கண்ணாடி உடைதல், மாற்று வண்டி போன்றவை ஒன்றில் விடுபட்டிருந்தாலோ, குறைந்த விலை என்பது வெறும் தோற்றம்.

பழைய நிறுவனத்தின் விலையைப் பார்த்த கோபத்தில், புதிய விண்ணப்பத்தில் உண்மையை வளைப்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் வண்டி ஓட்டுவது இளம் மகனாக இருக்க, தந்தையை முதன்மை ஓட்டுநராகக் காட்டுவது, சிறிய விபத்தை மறைப்பது, ஓட்டும் தூரத்தைக் குறைத்து எழுதுவது ஆகியவை பிரீமியத்தைக் குறைக்கும். கிளைம் வரும்போது பாலிசியையே செல்லாததாக்கிவிடவும் கூடும். பழைய பாலிசியில் நிறுவனம் தானாக நிரப்பி வைத்திருக்கும் விவரங்களையும் இதே கண்ணோடு சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் வேலையோ வீடோ மாறியிருந்தால் அவை இப்போது உண்மையல்ல.

மாதத் தவணையில் கட்டுவதைப் பலர் வெறும் வசதியாகவே பார்க்கிறார்கள். பல நிறுவனங்களில் அது வட்டியோடு கூடிய கடன். ஒப்பிடும்போது முதல் தவணையைப் பார்க்காமல் ஆண்டு முழுவதற்குமான கூட்டுத்தொகையைப் பார்க்க வேண்டும்.

நிறுவனம் மாறுவது என்று முடிவானபின் செய்யும் தவறுகளும் உண்டு. ஆண்டின் நடுவில் பாலிசியை ரத்துசெய்தால் ரத்துக் கட்டணம் விழலாம், அந்த ஆண்டுக்கான நோ கிளைம் போனஸும் சேராமல் போகலாம். புதுப்பித்தல் தேதியில் மாறுவதே சிக்கனம். தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்தாமல் வேறிடத்தில் பாலிசி எடுத்தால் ஒரே வண்டிக்கு இரண்டு பாலிசிகள் ஓடும். அதனால் இழப்பீடு இருமடங்காகக் கிடைக்காது. இரு நிறுவனங்களும் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்வதில் கிளைம்தான் இழுபடும். பிரிட்டனில் பாலிசி எடுத்த அல்லது புதுப்பித்த 14 நாட்களுக்குள் அதைக் கைவிடும் உரிமை இருப்பதால், தவறுதலாகப் புதுப்பித்துவிட்டவரும் அனுபவித்த நாட்களுக்கான தொகையும் சிறு நிர்வாகக் கட்டணமும் போக மீதியைத் திரும்பப் பெறலாம். எந்த நாட்டிலும் செய்யக் கூடாதது, பழைய நிறுவனத்திடம் ஒரு சொல்லும் சொல்லாமல் வங்கியில் பணம் எடுக்கும் அனுமதியை மட்டும் நிறுத்திவிடுவது. அப்போது பணம் கட்டாததற்காக நிறுவனமே பாலிசியை ரத்துசெய்ததாகப் பதிவாகும், பின்னர் எடுக்கும் காப்பீடுகளில் "உங்கள் பாலிசி எப்போதாவது ரத்துசெய்யப்பட்டதுண்டா?" என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டிவரும், அந்த ஒரு பதிலுக்காகவே பிரீமியம் உயரும்.