பிக்கப்புக்கு எந்த கிரவுன் பினியன் ரேஷியோ சரிவரும்? நம்ம குமரி ரோட்டுக்கு ஒரு கணக்கு

கிரவுன் பினியன் ரேஷியோ, அதாவது ஆக்சில் ரேஷியோன்னா ரொம்ப யோசிக்க வேண்டாம், பின் வீலுக்கு நடுவுல உருண்டையா இருக்குற டிஃபரன்ஷியலுக்குள்ள கிரவுன்னு ஒரு பெரிய பல்சக்கரமும், அத சுத்துற பினியன்னு ஒரு சின்ன பல்சக்கரமும் இருக்கு, கிரவுனோட பல்லு எண்ணிக்கைய பினியனோட பல்லு எண்ணிக்கையால வகுத்தா வர்ற நம்பர்தான். கிரவுன் 41, பினியன் 10ன்னா 4.10. அதே 41க்கு பினியன் 9ன்னா 4.56. நம்பர் பெருசானா இழுவ கூடும், ஆனா அதே ஸ்பீடுக்கு இன்ஜின் ஜாஸ்தி சுத்தணும், நம்பர் சின்னதானா ஹைவேயில சத்தமில்லாம ஓடும், லோடோட ஏத்தத்துல முக்கும்.

4.10ல இருந்து 4.56க்கு போனா எல்லா கியர்லயும் இழுவ சுமார் 11 சதவீதம் கூடுது, ஆர்பிஎம்மும் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்துதுங்குறது) அதே 11 சதவீதம் கூடுது, சும்மா கெடைக்குறது எதுவும் இல்ல கேட்டியளா.

மொதல்ல இப்ப வண்டியில என்ன ரேஷியோ கெடக்குன்னு பாருங்க. டிஃபரன்ஷியலோட வெளிக்கூடான ஹவுசிங்ல தகடு இருந்தா அதுலயே இருக்கும், இல்லன்னா முன் வீலுக்கு ரெண்டு பக்கமும் நல்லா கல்லு வச்சுட்டு, ஒரு பின் வீல மட்டும் ஜாக்கியில தூக்கி ஸ்டாண்டு குடுத்து, நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக்க விட்டுருங்க. கியர்பாக்ஸ்ல இருந்து டிஃபரன்ஷியலுக்கு வர்ற நீளத் தண்டான புரப்பல்லர் ஷாஃப்ட்லயும் தூக்குன டயர்லயும் சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு, டயர முழுசா ரெண்டு சுத்து சுத்துங்க, இன்னொரு ஆள் ஷாஃப்ட் எத்தன சுத்து வருதுன்னு எண்ணட்டும். நாலு சுத்தும் கொஞ்சமும் வந்தா 4.10 பக்கம், நாலரைக்கு கொஞ்சம் கூட வந்தா 4.56. ஒத்த வீல் தரையில நிக்குறதாலதான் ரெண்டு சுத்து, ரெண்டு வீலையும் தூக்கி ஒண்ணா சுத்துனா ஒரு சுத்து போதும். ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடியில தலைய விடாதீங்க.

அடுத்தது டயர். நெறைய பேரு கோட்ட விடுறது இங்கதான். 215/75 ஆர்15 டயரோட விட்டம் சுமார் 703 மில்லி, பாக்க கெத்தா இருக்கட்டும்னு 235/75 ஆர்15 மாட்டுனா 733 ஆகுது, உள்ள 4.10 அப்படியே கெடந்தாலும் வண்டி 3.93 போட்ட மாதிரிதான் இழுக்கும். அப்புறம் இழுவ இல்லன்னு கிரவுன மாத்த கெளம்புறது காசு தண்டம், பழைய சைஸ் டயருக்கு திரும்புனா போச்சு. அதே மாதிரி கிளட்ச் ஸ்லிப், ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸ் கிழிசல், பிரேக் பிடிச்சுக்கிட்டு நிக்குறது இதெல்லாம் பாத்து முடிக்காம டிஃபரன்ஷியல தொறக்கவே கூடாதுங்குறது என் கட்சி.

இப்ப கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர்ல போனா நிமிஷத்துக்கு சரியா ஒரு கிலோமீட்டர், அதனால 60ஐ வச்சு பாக்குறது ஈசி. 215 டயர் ஒரு சுத்துக்கு 2.21 மீட்டர் போகும், அப்ப நிமிஷத்துக்கு 452 சுத்து. இத ஆக்சில் ரேஷியோவால பெருக்கி, டாப் கியர் ரேஷியோவாலயும் பெருக்குனா இன்ஜின் ஆர்பிஎம். டாப் கியர் 1க்கு 1ன்னா 4.10க்கு சுமார் 1850, 4.56க்கு 2060. டாப் கியர் ஓவர்டிரைவா, அதாவது 1க்கு கீழ 0.8ன்னு இருந்தா 4.10க்கு 1480தான் வரும். உங்க வண்டி அதிகபட்ச டார்க் (இன்ஜினோட சுத்து பலம்) எந்த ஆர்பிஎம்ல தருதுன்னு மேனுவல்ல பாத்து, நீங்க தெனமும் ஓடுற ஸ்பீடுல வர்ற ஆர்பிஎம் அதுக்குள்ள விழுதான்னு பாருங்க, அதுக்கு கீழ விழுந்தா டாப் கியர் அலங்காரத்துக்குத்தான்.

ரோட்டுக்கு வருவோம். குலசேகரம், பேச்சிப்பாறை, கோதையார் பக்கம் ரப்பர் தடி, ஷீட்டு ஏத்துறவங்களுக்கு பெரிய நம்பர்தான் நல்லது, ஏத்தத்துக்கு மட்டும் இல்ல, லோடு அங்க பெரும்பாலும் இறங்கித்தான வருது, பெரிய நம்பர்ல இன்ஜின் பிரேக்கிங் (ஆக்சிலரேட்டர விட்டா இன்ஜினே வண்டிய பிடிச்சு நிறுத்துறது) நல்லா பிடிக்கும், பிரேக் அவ்வளவா சூடாகாது. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளைன்னு ஓடுறவங்களுக்கு மேடும் பள்ளமும் டிராஃபிக்கும்தான், அங்க மூணாவது கியர்ல இருந்து ஏறவே நேரம் கெடைக்காது, மைலேஜுக்காக சின்ன நம்பர் தேடுறதுல அர்த்தமே இல்ல. தோவாளை பூவ ஏத்திக்கிட்டு நாலுவழிச்சாலையில திருநெல்வேலி போறவங்க சின்ன நம்பர் எடுக்கலாம், லோடு வெயிட் கம்மி, ரோடு மட்டம். ஆனா ஆனி ஆடியில திரும்பி வாறப்ப முப்பந்தல், ஆரல்வாய்மொழி கணவாய் காத்து நேரா மூஞ்சில அடிக்கும், தார்ப்பாய் உசரமா கட்டுன வண்டி மட்ட ரோட்டுலயும் ஏத்தத்துல போற மாதிரி முக்கும், அதையும் கணக்குல வச்சுக்கிடுங்க. ரெண்டு ரோட்டுலயும் ஓடுறவங்க அதிக லோடு எந்த ரோட்டுலயோ அதுக்கு எடுங்க.

புது வண்டின்னா கம்பெனி குடுக்குற ஆப்ஷன்லயே எடுத்துருங்க. ஓடுற வண்டியில மாத்துறதுன்னா, அதே ஆக்சிலுக்கு கம்பெனி விட்ட செட்டா இருக்கணும், கிரவுனும் பினியனும் ஜோடியாத்தான் வாங்கணும், பழசுல ஒண்ணு புதுசுல ஒண்ணு போட்டா ஊளையிடும். வாரன்டி, ஆர்டிஓ பக்கமும் முன்னாடியே கேட்டுக்கோங்க. நாலு வீலும் இழுக்குற 4x4 வண்டின்னா முன் ஆக்சிலும் அதே ரேஷியோ, இல்லன்னா 4x4 போட்ட ஒடனே கியருங்க ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டி ஒடையும். ஸ்பீடோமீட்டருக்கு கியர்பாக்ஸ்ல இருந்து எடுக்குற வண்டின்னா மீட்டரும் தப்பா காட்டும், அதையும் சரி பண்ணணும்.

மெக்கானிக் பேக்லாஷ, அதாவது கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவுல இருக்குற சின்ன இடைவெளிய, டயல் கேஜ்ங்குற அளவு கருவி வச்சு பாக்குறாரான்னு கவனிங்க, கையால ஆட்டி பாத்துட்டு ஓகேன்னா வேற கடைக்கு விடுங்க. பல்லுல கலர் பூசி சுத்தி, ஒட்டுற தடம் நடுவுல விழுதான்னு காட்டச் சொல்லுங்க. மாத்துன பெறவு மொதல் 500 கிலோமீட்டர் ஃபுல் லோடு வேண்டாம், அப்புறம் ஆயில எறக்கி, மேனுவல்ல சொன்ன கிரேடையே புதுசா ஊத்துங்க.